5ஏ-வை விட்டு வெளியே வர நினைக்கிறேன்: எந்த ஸ்டிக், எதை வைத்து முடிவு செய்வது?

தாளக்கட்டை

டிரம்ஸ் கற்க ஆரம்பித்த நாளிலிருந்து 5ஏ என்ற ரக ஸ்டிக் தான். ஆசிரியர் கையில் கொடுத்தார், அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது இரண்டு குழுக்களில் வாசிக்கிறேன். ஒன்று முழு ராக், இரண்டு கிடார், ஆம்ப் எல்லாம் அலறும். இன்னொன்றில் ஒரு அக்கூஸ்டிக் கிடார், ஒரு பாடகி, சின்ன அறை, அவ்வளவுதான்.

ராக் குழுவில் என் ரைடு சிம்பல் (தொடர் தாளம் பிடிக்கும் பெரிய தட்டு) யாருக்கும் கேட்பதில்லை, வேகமாக அடிக்க அடிக்க ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துவிடுகிறேன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வலிக்கிறது. அக்கூஸ்டிக் குழுவில் நேர் எதிர், எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் “இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா” என்கிறார்கள்.

கடைக்குப் போனால் சுவர் முழுக்க ஸ்டிக். 7ஏ, 5பி, 2பி, எக்ஸ்ட்ரீம், நைலான், மேப்பிள், ஓக். என் கை கொஞ்சம் பெரிது. “எடுத்து வாசித்துப் பாருங்கள், எது பிடிக்கிறதோ அதுதான்” என்று மட்டும் சொல்லாதீர்கள், எதைப் பார்த்து எடுப்பது என்பதுதான் கேள்வியே.

ரிம்ஷாட்_வேலு

ராக்குக்கு 5பி, அக்கூஸ்டிக்குக்கு 7ஏ. முடிந்தது.

மேடைக்குப்பின்

வேலு சொன்னதைத்தான் பாதிப் பேர் சொல்வார்கள். பெரிய தப்பில்லை, ஆனால் அதை வைத்துக் கடைக்குப் போனால் திரும்பவும் குழம்புவீர்கள். ஏனென்றால் 5ஏ என்பது ஒரு அளவே இல்லை, அது வெறும் பெயர். எழுத்து வந்த கதை பழையது: ஏ என்றால் ஆர்கெஸ்ட்ரா, பி என்றால் பேண்ட், எஸ் என்றால் தெருவில் நடந்துகொண்டே வாசிக்கும் அணிவகுப்பு. எண் ஏறினால் தடிமன் குறையும், எண் சமமாக இருந்தால் பி ஏ-வைவிடத் தடி. இதெல்லாம் வழக்கம், எந்தக் கம்பெனியையும் கட்டுப்படுத்தும் விதி அல்ல.

கணக்கைப் பாருங்கள். விக் ஃபர்த் கம்பெனியின் 5ஏ தடிமன் 0.565 அங்குலம். ப்ரோமார்க் 5ஏ 0.551, அதாவது 14 மில்லிமீட்டர். வேட்டரின் லாஸ் ஏஞ்சல்ஸ் 5ஏ 0.570. மூன்றும் 16 அங்குல நீளம், மூன்றும் “5ஏ”. ப்ரோமார்க்குக்கும் வேட்டருக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வித்தியாசம். விக் ஃபர்த்துக்குள்ளேயே 5ஏ-விலிருந்து 7ஏ-வுக்கு (0.540) இறங்கினால் 0.64 மில்லிமீட்டர்தான் குறைகிறது. ஆக கம்பெனி மாற்றினாலே முக்கால்வாசி ஒரு படி இறங்கிவிட்ட மாதிரி. “நான் 5ஏ ஆள்” என்று சொல்லிக்கொள்வதில் பெரிய அர்த்தமில்லை.

அதனால் எண்ணைக் கடைசியில் பாருங்கள். என் வரிசை இது: முதலில் எடை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, அடுத்து டிப் (அடிக்கும் நுனி), அடுத்து மரம், அதற்கப்புறம்தான் தடிமன். உங்கள் இரண்டு பிரச்சினைகளும் முதல் இரண்டிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

தாளக்கட்டை

எடை எந்தப் பக்கம் என்றால்? எல்லா ஸ்டிக்கும் ஒரே மாதிரிதானே, பின்னால் தடி, முன்னால் ஒல்லி?

மேடைக்குப்பின்

எங்கிருந்து ஒல்லியாக ஆரம்பிக்கிறது என்பதில்தான் விஷயமே. அதைத்தான் டேப்பர் என்கிறோம். நீளமான டேப்பர் என்றால் நடுவிலிருந்தே மெல்ல மெல்லச் சரிந்து, டிப்பை ஒட்டியிருக்கும் கழுத்து ஒல்லியாகிவிடும், முன்பக்கம் எடை குறையும், ஸ்டிக் தானாகத் துள்ளித் திரும்பும், டபுள் ஸ்ட்ரோக் (ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி), ரைடில் வேகமான தொடர் அடி எல்லாம் விரலிலேயே நடக்கும். குட்டை டேப்பர் என்றால் தடிமன் கடைசிவரை வந்து டிப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் சரியும். முன்பக்கம் கனமாக இருக்கும், ஒரு அடி கொடுத்தால் நன்றாக இறங்கும், கழுத்து சீக்கிரம் உடையாது, ஆனால் திரும்பக் கொண்டுவர உங்கள் மணிக்கட்டு வேலை செய்ய வேண்டும்.

இரண்டு ஸ்டிக்கை ஒரே தடிமனில், ஒரே நீளத்தில், டேப்பரை மட்டும் மாற்றி வாங்கிப் பார்க்க முடியும். ப்ரோமார்க்கில் ஃபார்வர்டு, ரீபவுண்ட் என்று இரண்டு வகை அதற்காகவே இருக்கிறது. கடையில் இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள், நான் பத்து பத்தி எழுதுவதைவிட அது சீக்கிரம் புரியவைக்கும்.

கண்ணால் தெரியாவிட்டால் ஆள்காட்டி விரல்மேல் ஸ்டிக்கைக் கிடத்தி, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். நிற்கும் இடம் டிப்பை நோக்கி நகர்ந்திருந்தால் முன்கனம், பின்முனையை நோக்கி இருந்தால் பின்கனம்.

இங்கே ஒன்று, பலர் விடுவது. பிடிக்கும் இடத்தை மாற்றினாலும் இதே விளைவு ஓரளவு கிடைக்கும். பின்முனையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே ஏற்றிப் பிடித்தால் முன்பக்கம் இலேசாகும், கீழே இறக்கினால் கனமாகும். நீங்கள் இப்போது எந்த இடத்தில் பிடிக்கிறீர்கள்? உங்களை அறியாமலே வழக்கமான இடத்தைவிட மேலே ஏறிப் பிடிக்கிறீர்கள் என்றால், கை முன்கனம் குறைந்த ஸ்டிக்கைக் கேட்கிறது. பின்முனையின் விளிம்பு வரை இறங்கிப் பிடிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு 16 அங்குலம் போதவில்லை. விக் ஃபர்த் எக்ஸ்ட்ரீம் 5ஏ அதே 0.565 தடிமன், அரை அங்குலம் கூடுதல் நீளம். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அது.

தாளக்கட்டை

ராக் குழுவின் வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். பாட்டு தொடங்கும்போது நடுவில் பிடிக்கிறேன், கோரஸ் வரும்போது கை கடைசிக்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு பாட்டிலும்.

ஓபன்_ஹைஹாட்

அப்படியென்றால் கோரஸில் எட்டவும் வேண்டும், எடையும் வேண்டும். மேடைக்குப்பின் சொன்ன எக்ஸ்ட்ரீம் மாதிரி நீளமான ஸ்டிக்கை ஒருமுறை முயலுங்கள்.

நான் ரைடு பற்றிப் பேச வந்தேன். ரைடு கேட்கவில்லை என்றால் உடனே தடி ஸ்டிக் வாங்க ஓடுகிறார்கள். தடி ஸ்டிக் ரைடில் பட்டால் சிம்பல் முழுக்க அதிர்ந்து “ஷ்ஷ்ஷ்” என்று பரவும், “டிங்” அதற்குள் மூழ்கிவிடும். உங்களுக்குத் தேவை அந்த டிங். அதைத் தீர்மானிப்பது டிப்.

சின்ன உருண்டை டிப்: தொடும் பரப்பு குறைவு, ஒலி கூர்மை, எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஒரே ஒலி. எலக்ட்ரிக் கிடார்களுக்கு நடுவே துளைத்து வெளியே வருவது இந்த வகை. கண்ணீர்த்துளி வடிவமும் ஏகார்ன் (ஓக் கொட்டை) வடிவமும் கோணத்துக்குக் கோணம் மாறும், படுக்கவைத்து அடித்தால் அதிகப் பரப்பு படும், ஒலி இருண்டு தடிக்கும், நிமிர்த்தினால் கொஞ்சம் தெளியும். ஜாஸ் வாசிப்பவர்கள் இதை வைத்துக்கொண்டே ஒரே ரைடில் நாலு குரல் எடுப்பார்கள். பீப்பாய் டிப் தட்டையாக, அழுத்தமாக, ஸ்னேர் டிரம்மில் நன்றாக இருக்கும். டிரம்மர் ஸ்டீவ் காட் பெயரில் வரும் விக் ஃபர்த் கறுப்பு ஸ்டிக்கைப் பாருங்கள், 0.550 தடிமன்தான், 15¾ அங்குலம்தான், பீப்பாய் டிப். ஒல்லியான குட்டை ஸ்டிக், ஆனாலும் ஸ்னேர் ஒலி எவ்வளவு தீர்மானமாக வருகிறது.

மரத்தின் கூர்மை போதவில்லை என்றால் நைலான் டிப். ரைடும் ஹைஹாட்டும் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) உடனே பளிச்சென்று கேட்கும். டிரம் தோலில் வித்தியாசம் குறைவு, சிம்பலில்தான் தெரியும்.

ரிம்ஷாட்_வேலு

நைலான் வேண்டாம். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது டிப் கழன்று பறந்தது, முன்வரிசையில் இருந்தவர் தலையைத் தடவிக்கொண்டு பார்த்தார். அதோடு விட்டேன். சிம்பல் ஒலியும் கண்ணாடியைத் தட்டுவது போல இருக்கும், என் காதுக்கு ஒத்துவரவில்லை.

ஓபன்_ஹைஹாட்

பிடிக்கவில்லை என்பது நியாயம், அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கழன்று பறப்பது ஸ்டிக்கைப் பொறுத்தது. ஸ்டிக் தயாரிப்பாளர் ஜோ கலாட்டோ 1958-இல் நைலான் டிப்பைக் கொண்டுவந்ததே மரத்தின் டிப் பிய்ந்து போவதைத் தடுக்கத்தான். மர டிப் பிசிறு தட்ட ஆரம்பித்ததும் ரைடின் ஒலி மந்தமாகிவிடும், கழுத்து இன்னும் திடமாக இருந்தாலும் ஸ்டிக்கின் கதை முடிந்தது. நைலானில் அந்தக் கவலை இல்லை.

வீட்டில் எலக்ட்ரானிக் கிட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பிசிறு தட்டிய மர டிப் வலைத் தோலைக் குத்திக் கிழிக்கும். அங்கே நைலான், இல்லையென்றால் புத்தம்புது மர டிப். மேடையில் தேய்ந்த பழைய ஸ்டிக்கை வீட்டுப் பயிற்சிக்கு ஒதுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, வலைத் தோலில் அது கூடாது.

கோஸ்ட்_நோட்

எல்லோரும் ராக் பக்கமே பேசுகிறீர்கள், அந்த அக்கூஸ்டிக் குழுவை யார் பார்ப்பது?

தாளக்கட்டை, உங்கள் கை பெரிது என்றீர்கள். பெரிய கைக்கு 7ஏ கொடுத்தால் என்ன ஆகும்? விரல்கள் சுற்றி மூடி இன்னும் மிச்சம் இருக்கும், ஸ்டிக் உள்ளே உருளும், அதைத் தடுக்க நீங்கள் இறுக்குவீர்கள். ஏற்கெனவே இறுக்கிப் பிடித்து வலி வருகிறது என்கிறீர்கள். அதனால் வேலுவின் 7ஏ யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. ஒல்லி ஸ்டிக் என்றால் கைக்குச் சிரமம் குறையும் என்று நினைப்பது பாதி உண்மை. ஒல்லி ஸ்டிக்கில் எடை இல்லாததால் ஒலியை எல்லாம் நீங்களே தள்ளி வரவழைக்க வேண்டும், அதிர்ச்சியும் கைக்கு அதிகம் வரும்.

உங்களுக்கு வேண்டியது தடிமன் குறையாமல் எடை மட்டும் குறைந்த ஸ்டிக். அதுதான் மேப்பிள் மரம். வழக்கமாக ஸ்டிக் செய்யும் ஹிக்கரி மரத்தைவிட இலேசு, அதனால் 5ஏ தடிமன் அல்லது அதற்கும் மேலே கையில் நிறைவாக இருக்கும், விழும் அடி மென்மையாக இருக்கும். விக் ஃபர்த் எஸ்டி1 ஜெனரல் என்று ஒன்று, 0.635 அங்குலம், 2பி-யைவிடக் கொஞ்சம் தடி. பார்த்தால் உலக்கை மாதிரி. ஆனால் மேப்பிள் என்பதால் கச்சேரி அரங்கில் ஸ்னேரை மெல்லிசாக உருட்டக்கூட அதை எடுக்கிறார்கள். விக் ஃபர்த் என்ற மனிதரே பாஸ்டன் சிம்பொனியில் டிம்பனி என்ற பெரிய டிரம் வாசித்தவர் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஸ்டிக் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும்.

மேப்பிளின் குறை, உழைக்காது. ராக் குழுவில் ரிம்ஷாட் (தோலையும் விளிம்பு வளையத்தையும் சேர்த்து அடிப்பது) அடித்தால் சீக்கிரமே நார் நாராகிவிடும். அங்கே ஹிக்கரி. அதிர்ச்சியைத் தாங்கும், வளைந்துகொடுக்கும், அதனால்தான் பெரும்பாலான ஸ்டிக் ஹிக்கரியில் வருகிறது. ஓக் இன்னும் அடர்த்தி, கனம், நீண்ட நாள் உழைக்கும். ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் பெயரில் வந்த ப்ரோமார்க் 747 ஜப்பானிய ஓக்தான். ஆனால் ஓக் அறிவிப்பில்லாமல் ஒரே நொடியில் முறியும். ஹிக்கரி சீவிச் சீவித் தேய்ந்து “நான் போகப் போகிறேன்” என்று முன்கூட்டியே சொல்லும்.

இன்னொன்று, சின்ன அறையில் எந்த ஸ்டிக்கும் ஒரு எல்லைக்குக் கீழே இறங்காது. அதற்குக் கீழே வேண்டுமென்றால் ராட்ஸ் எடுங்கள், மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டியது. அல்லது பிரஷ். பாடகி மென்மையாகப் பாடும் பாட்டுகளில் ராட்ஸ், கொஞ்சம் எழும்பும் பாட்டுகளில் மேப்பிள். ராட்ஸில் ரைடின் டிங் போய்விடும், துள்ளித் திரும்புவதும் கிட்டத்தட்ட இருக்காது, அதனால் முழு நிகழ்ச்சிக்கும் அதையே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

தாளக்கட்டை

மேப்பிள் என்று ஒன்று இருப்பதே விலைச்சீட்டில் பார்த்ததோடு சரி, ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நன்றி அண்ணா.

கோஸ்ட்_நோட்

அக்கா. 🙂 பரவாயில்லை.

வலி பற்றி ஒரு வார்த்தை. ஸ்டிக்கை மாற்றி, பிடியையும் தளர்த்தி, அதற்குப் பிறகும் வலி விடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மன்றத்தில் கேட்டுச் சரிசெய்யும் விஷயம் இல்லை அது.

ரிம்ஷாட்_வேலு

சரி, 7ஏ-வை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் தடி ஸ்டிக்கில் பயிற்சி செய்துவிட்டு ஒல்லி ஸ்டிக்கில் மேடையேறினால் கை பறக்கும், இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

மேடைக்குப்பின்

அரை மனதோடு. கனமான ஸ்டிக்கில் பயிற்சிப் பேடில் கொஞ்ச நேரம் கையைச் சூடாக்குவது நல்லதுதான், மணிக்கட்டு விழித்துக்கொள்ளும். ஆனால் முழுப் பயிற்சியும் அதிலேயே என்றால், கனமான ஸ்டிக் எப்படித் துள்ளுகிறதோ அந்தக் கணக்கில் விரல் பழகிவிடும். மேடையில் இலேசான ஸ்டிக் வேறு உயரத்துக்கு, வேறு நேரத்தில் திரும்பும். முதல் இரண்டு பாட்டு கோஸ்ட் நோட் (மிக மெல்லிய அடிகள்) எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும். எதில் வாசிக்கப் போகிறோமோ அதில்தான் பெரும்பங்கு பயிற்சி.

இதனாலேயே தாளக்கட்டைக்கும் சொல்கிறேன், இரண்டு குழுக்களுக்கும் இரண்டு ஸ்டிக் எடுத்தாலும் அவை ரொம்ப தூரம் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடிமன் பக்கத்தில் பக்கத்தில், எடையும் டிப்பும் மட்டும் வேறு. 2பி-யிலிருந்து 7ஏ-வுக்குத் தாவினால் இரண்டுமே கைக்கு அந்நியமாக இருக்கும்.

குறுக்குவெட்டு

தாமதமாக வருகிறேன். எந்த மாடல் என்று முடிவான பிறகு கடையில் எந்த ஜோடியை எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை, எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

சமதளமான கண்ணாடி மேசைமேல் உருட்டுங்கள். டிப் மேலும் கீழும் ஆடினால் வளைந்த ஸ்டிக், வைத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் இலேசாகப் பிடித்து எதிலாவது தட்டுங்கள், இரண்டும் ஒரே சுருதியில் கேட்கிறதா என்று. ஒன்று “டொக்”, இன்னொன்று “டிக்” என்றால் அடர்த்தி வேறு, ரைடில் கையை மாற்றினால் ஒலி மாறும். நல்ல கம்பெனிகள் எடையும் சுருதியும் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கின்றன, ஆனாலும் கடையில் பிரித்துப் பார்த்தவர்கள் மாற்றிப் போட்டிருப்பார்கள்.

மரத்தின் ரேகையைப் பாருங்கள். பின்முனையிலிருந்து டிப் வரை நேராக ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்து ஸ்டிக்கின் பக்கவாட்டில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் முறியும், எவ்வளவு பெரிய பெயர் அச்சடித்திருந்தாலும். மரம் இயற்கையில் ஒரே மாதிரி வளர்வதில்லை, ஒரே மாடலில் இரண்டு ஜோடி எடையில் வேறுபடுவது சகஜம். பிடித்த ஜோடி கிடைத்தால் கையில் சின்னத் தராசு இருப்பவர்கள் கிராம் கணக்கைக் குறித்துவைத்துக்கொள்ளலாம், அடுத்த தடவை அதை வைத்துத் தேடலாம்.

கை வியர்க்குமா? பளபளவென்று லேக்கர் பூசியது சிலருக்கு வியர்வையில் வழுக்கும், சிலருக்கு அதே லேக்கர் ஒட்டிக்கொள்ளும். பூச்சு இல்லாத ஸ்டிக் உலர்ந்த பிடி தரும். லேக்கர் ஒத்துவராவிட்டால் பிடிக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். டேப் சுற்றினால் பின்பக்கம் எடை கூடும், சமநிலை நகரும். மேடைக்குப்பின் சொன்ன விரல் சோதனையை டேப் சுற்றிய பிறகு மறுபடி செய்யுங்கள்.

அப்புறம், உடைந்த ஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள், எங்கே உடைந்தது என்று பாருங்கள். கழுத்துக்குக் கீழே தோள் பகுதியில் பல் பல்லாகச் சீவியிருந்தால் க்ராஷ் சிம்பலின் விளிம்பை நேராக வெட்டுகிறீர்கள், அல்லது ஹைஹாட்டின் விளிம்பில் தோளை வைத்து அடிக்கிறீர்கள். இரண்டாவது என்றால் அது உங்கள் ஸ்டைல், குட்டை டேப்பர் எடுங்கள். முதலாவது என்றால் சிம்பலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துத் தழுவினாற்போல் அடிக்கப் பழகுங்கள், இல்லையென்றால் எந்த ஸ்டிக் வாங்கினாலும் அது உடையும். நடுப்பகுதியில் குழி விழுந்திருந்தால் ரிம்ஷாட். டிப் மட்டும் பிய்ந்திருந்தால் ஓபன்_ஹைஹாட் சொன்ன நைலான்.

தாளக்கட்டை

பையில் கிடந்த செத்த ஸ்டிக்குகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வலது கையுடையது போலிருக்கிறது, தோளில்தான் சீவல், டிப் நன்றாகவே இருக்கிறது. ஹைஹாட் விளிம்பு. கோரஸில் ஹைஹாட்டைத் திறந்துவைத்துத் தோளால்தான் அடிக்கிறேன்.

இப்போது மனதில் இருப்பது: ராக்குக்கு ஹிக்கரி, 0.565 பக்கம், நீளம் கொஞ்சம் கூட, சின்ன டிப். அக்கூஸ்டிக்குக்கு மேப்பிள், அதே தடிமன் பக்கம், கூடவே ஒரு ஜோடி ராட்ஸ். குட்டை டேப்பர் எடுத்தால் ரைடில் வேகம் போய்விடுமா என்பது மட்டும் பயமாக இருக்கிறது.

ஓபன்_ஹைஹாட்

கொஞ்சம் போகும். ராக் பாட்டுகளில் ரைடில் வரும் எட்டுகளுக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு அடி) அது பிரச்சினையே இல்லை, பதினாறுகளில் (நாலு அடி) தெரியும். நீங்கள் ஸ்டிக் நடுவில் பிடித்துத் தொடங்கும் ஆள், அதனால் ரைடு பகுதியில் பிடியை ஏற்றிக்கொள்ளலாம், கோரஸில் இறக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே கை அதைத்தான் செய்கிறது.

ரைடை அடிக்கும் இடத்தையும் பாருங்கள். விளிம்புக்கும் மணிக்கும் (சிம்பலின் நடுவில் குவிந்திருக்கும் பகுதி) நடுவே, கொஞ்சம் மணிப் பக்கம் நகர்ந்தால் டிங் கூடும், பரவல் குறையும். ஸ்டிக் மாற்றும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் எது உதவியது என்று தெரியாது.

குறுக்குவெட்டு

ஒரே மாடலில் இரண்டு ஜோடி வாங்குங்கள், தாளக்கட்டை. ஒரு ஜோடியை மட்டும் வாசித்துவிட்டு மாடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அந்த ஒரு ஜோடி எடை கூடின மரமாக இருந்திருக்கலாம்.

ரிம்ஷாட்_வேலு

நான் இன்னும் 5பி-தான் சொல்வேன். ஆனால் நான் ரைடில் எட்டுகளைத் தாண்டி எதுவும் வாசிப்பதில்லை, அதையும் சேர்த்தே படிக்கவும்.